ஓட்டுரிமை

இந்த வருடம் எப்படியாவது சுவிஸ்காரன் ஆகிவிடுவது என்று முடிவு கட்டினேன். என் மனைவி சிவமலர் எப்போதோ சுவிஸ்காரியாகிவிட்டாள். வாக்களிப்பு வரும்போதெல்லாம் தபாலில் வரும் தடித்த உறையைப் பிரித்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நாட்டுக்குப் போர்விமானம் வேண்டுமா வேண்டாமா என்று தனியே யோசிப்பாள். நான் தேத்தண்ணி கொண்டுபோய் வைப்பேன்.

"எனக்கும் ஓட்டுரிமை வரட்டும், அப்ப காட்டுறன்" என்றேன்.

"ஓட்டுற உரிமை முழுக்க உங்களிட்டைத்தானே கிடக்கு. ஒரு நாளாவது கார் திறப்பைத் தந்தனீங்களோ?"

அவளிடம் லைசென்ஸ் இருந்தது. என்னிடம் காரும் அதன் சாவியும் இருந்தன. இப்படி அளவாகப் பங்கு பிரித்துத்தான் எங்கள் இல்லறம் எம்மன்புரூக்கேயில் நடந்துவந்தது. அவள் பஸ்ஸில் போவாள். நான் கிளச்சைக் காப்பாற்றுவேன்.

விண்ணப்பம் போட்டாயிற்று. நகரசபையில் நேர்முகத்துக்கும் நாள் குறித்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து பாசலில் ஒரு பிள்ளை பெரியவளான சடங்கு, சாமத்தியவீடு, வந்தது. திரும்பி வரும்போது முன் சீற்றில் மிச்சப் பாயாசச் சட்டி, பெல்ட் போட்டபடி. பின் சீற்றில் சிவமலர், புதுச் சேலையும் போனுமாக. பாயாசம் ஆறுவதற்குள் வீடு சேரவேண்டும் என்று ஓட்டோபான் நெடுஞ்சாலையில் கொஞ்சம் மிதித்தேன். முள் எங்கே நின்றது என்பதை வழக்கறிஞர் பக்கத்தில் இல்லாமல் சொல்லமாட்டேன். சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும், பளிச்!

"ஐயோ, பிளிட்ஸ்!" என்று அலறினேன். இங்கே வேகமாகக் கார் ஓட்டுகிறவனை வழியோரப் பெட்டி ஒன்று வெளிச்சம் அடித்துப் படம் பிடிக்கும். அந்த வெளிச்சத்துக்குத்தான் பிளிட்ஸ் என்று பெயர்.

"இஞ்சருங்கோ, அது வந்து..."

"கதையாதையும்!"

"இல்லையப்பா, அது என்னெண்டா..."

"வாயைத் திறக்காதையும் எண்டு சொல்லுறன்! பாஸ்போட் போச்சு! இதைப் பற்றி மூச்சுக் காட்டக்கூடாது!"

அவள் மூச்சுக் காட்டவில்லை. வீடு வரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணம் கட்டிய நாள் முதல் அவள் என் சொல்லைக் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும்.

மறுநாள் நான் வேலை செய்யும் லுசேர்ண் ஹோட்டல் குசினியில், கூட வேலை செய்யும் சிவலிங்கம் அண்ணையிடம் கேட்டேன். அண்ணை ஒருமுறை கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர்தான் வழக்கறிஞர்.

"தம்பி ரவீந்திரன், ஓட்டோபான் ஆற்ரை நிலம்?"

"ஆற்ரை அண்ணை?"

"பேர்ணின்ரை. மத்திய அரசாங்கத்தின்ரை. பாஸ்போட் தாறது ஆர்?"

"பேர்ண்."

"அப்ப? மாமியார் வீட்டு முத்தத்தில துப்பிப்போட்டுப் பெண் கேக்கிற வேலையெல்லோ பாத்திருக்கிறாய்!"

"தண்டக் காசோட முடியாதே?"

"கொஞ்ச வேகமெண்டா முடியும். கூடினதெண்டா குற்றப்பதிவு. பதிவில விழுந்தா வருசக்கணக்கில பாஸ்போட்டை மறந்திடு. அதுக்கும் மேலை போனா..." அண்ணை கையை விமானம்போல உயர்த்தி மெல்ல இறக்கினார். அது ஊரில், பலாலி விமானநிலையத்தில் இறங்கியது என்பதை நான் கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

அன்று பின்னேரம் சிவமலரின் முன்னால் போய் நின்றேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் உருளைக்கிழங்கு உரித்தவன், ஒரு வெளிச்சத்தில் எல்லாம் போகப்போகிறதே!

"நீர் ஓட்டினதெண்டு சொன்னா என்ன? நீர் சுவிஸ்காரி. உம்மை எங்கை அனுப்புறது?"

"பொய் சொன்னா அது வேறை குற்றமப்பா."

"சிவமலர்!"

அவள் கையிலிருந்த போனைப் பார்த்தாள். முகத்தில் ஏதோ ஓடியது. பரிதாபம் என்று நினைத்தேன்.

"சரி. அந்த பிளிட்ஸ் என்ரை பொறுப்பு. ஆரும் கேட்டா நான் பதில் சொல்லுறன். போதுமோ?"

"தெய்வம் நீர்!"

"திறப்பைத் தாங்கோ."

"என்ன திறப்பு?"

"நான் ஓட்டினனான் எண்டு ஆக்கள் நம்பவேணுமெண்டா, நான் ஓட்டுறதை ஆக்கள் காணவேணுமெல்லோ?"

நியாயமாகத்தான் பட்டது. திறப்பைக் கொடுத்தேன். கிளச்சை நினைத்துக் கண்ணீர் வந்தது.

அதற்குப் பிறகு அவள் யோகாவுக்குக் காரில் போனாள். ரெனானில் இருக்கும் தங்கையிடம் காரில் போனாள். தெருமுனைக் கடைக்கும் காரில் போனாள். நான் மழையில் பஸ்ஸுக்கு நின்றேன். என்னைக் கடந்து போகும்போது கோர்ன் அடித்துக் கை வேறு காட்டுவாள். கட்டிடத்துக்கே பொதுவான நிலவறை மெஷினில் எங்கள் வீட்டுக்கு உடுப்புத் தோய்க்கும் முறை வந்தபோது, "எனக்கு நேரமில்லையப்பா, ரெண்டு பேற்றை பாரத்தையும் நானெல்லோ சுமக்கிறன்" என்றாள். அதையும் தோய்த்தேன். தண்டக் கடிதம் வந்துவிட்டதா என்று தபால்பெட்டியை எட்டிப் பார்த்தால் மட்டும், "அது என்ரை பொறுப்பு, நீங்கள் தள்ளுங்கோ" என்பாள்.

நேர்முக நாள் வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மையார், இரண்டு ஐயாமார்.

"கார் ஓட்டுவீர்களா?" என்று கேட்டார் அம்மையார். எனக்கு வேர்த்துக் கொட்டியது.

"இல்லை. வீட்டில் மனைவிதான் ஓட்டுவார். நான் பஸ். உடுப்புத் தோய்ப்பதும் நான்தான்" என்றேன் எனக்குத் தெரிந்த ஜேர்மனில்.

அம்மையார் பேனையை வைத்துவிட்டு ஐயாமாரை ஒரு பார்வை பார்த்தார். ஐயாமார் குனிந்துகொண்டார்கள். பெண்களுக்கு இப்படிச் சமத்துவம் கொடுக்கும் ஆளைக் கண்டதில்லை என்று எழுந்து நின்று கை கொடுத்தார். நான் தேறிவிட்டேன்.

சிவப்புப் பாஸ்போட் கைக்கு வந்த அன்று, சிவமலர் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். இருட்டுக்குள் நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிறேன். பக்கத்தில் பெல்ட் போட்ட பாயாசச் சட்டி. கண்ணாடியில் என் முகம், பேயைக் கண்டதுபோல.

"இது... எப்ப எடுத்தது?"

"சாமத்தியவீட்டால வரேக்கை. சுரங்கத்துக்குள்ள இருட்டு, அதுதான் போனின்ரை பிளிட்ஸைப் போட்டு எடுத்தனான். சொல்ல வந்தன், நீங்கள்தானே மூச்சுக் காட்டாதையும் எண்டனீங்கள்."

"பிளிட்ஸ் உம்மடை பொறுப்பெண்டு சொன்னீரே!"

"பின்னை, என்ரை போன்தானே?"

எனக்குக் காது சூடேறியது. பாஸ்போட்டை மேசையில் அடித்து வைத்தேன். "எடும் திறப்பை! இப்பவே எடும்!"

அவள் ஆறுதலாகத் தேத்தண்ணியைக் குடித்தாள்.

"கார் ஓட்டுறேல்லை எண்டு நேர்முகத்தில சொன்னது ஆர்? பொய் சொல்லி எடுத்த பாஸ்போட்டைப் பேர்ண் திருப்பிப் பறிக்குமாம். சிவலிங்கம் அண்ணையைக் கேட்டுப் பாருங்கோ."

கேட்கலாம்தான். அண்ணையின் வீட்டுக்குப் போகும் பஸ் இப்போதுதான் போய்விட்டது.