இருட்டுக் கம்பவுண்டரும் எழுந்து நின்ற குதிரையும்

சூரியனோடு நேருக்கு நேர் மோதி ஜெயித்தவர் இந்த உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் செஞ்சி மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்தார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சித்திரை வெயிலானாலும் சரி, பகல் ஒரு மணிக்கு ஒரு மல்லாட்டை மண்டிக்குள், அதாவது வேர்க்கடலைக் கிடங்குக்குள், அமாவாசை இருட்டை உண்டாக்கிக் காட்டுவார். அவருக்கென்று வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊரில் அதைத் தெரிந்தவர் யாரும் இல்லை. ‘இருட்டுக் கம்பவுண்டர்’ என்றால் மலை மேல் இருக்கிற குரங்குகூட வழி காட்டும்.

அறுபதுகளின் நடுவில் நான் தாலுக்கா ஆபீஸில் குமாஸ்தாவாகச் செஞ்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். போன இரண்டாவது வாரமே கம்பவுண்டர் என்னைத் தன் திரைப்படச் சங்கத்துக்குச் செயலாளர் ஆக்கிவிட்டார். தகுதி? அவர் என்னை ஒரு மல்லாட்டை மூட்டை மேல் உட்காரவைத்துப் பத்து நிமிஷம் பேசாமல் இருக்கச் சொன்னார். இருந்தேன். சங்கத்தில் சேர அது ஒன்றுதான் பரீட்சை. தாசில்தார் அதில் மூன்று தடவை தோற்றார்.

சங்கம் என்றால் டூரிங் டாக்கீஸ் சமாசாரம் இல்லை. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. மெட்ராஸில் இருந்த ஒரு பெரிய சங்கம் எங்கெங்கோ இருக்கிற தேசத்துப் படங்களைத் தகரப் பெட்டியில் போட்டு பஸ்ஸில் அனுப்பும். ஒன்றிய ஆபீஸில் சும்மா கிடந்த புரொஜெக்டரை நாங்கள் கெஞ்சி வாங்கி வருவோம். வேட்டித் துணியை இரட்டையாகத் தைத்துத் திரை. மண்டி முதலாளிதான் துணைத்தலைவர். இடம் கொடுத்ததற்காக அந்தப் பதவி. அவர் எல்லாப் படத்தையும் கண்ணை மூடியே பார்ப்பார்.

சாயந்திரம் இருட்டின பிறகு போட்டால் போதாதா என்று நான் ஒருநாள் கேட்டேன்.

“டவுன்ல இருக்கறவன் எப்போ வேணா பாப்பான் கிளார்க்கு. மேல்மலையனூர்க்காரன் எப்படிப் பாப்பான்? சீயமங்கலத்துக்காரன் எப்படிப் பாப்பான்? அவனுக்குக் கடைசி பஸ்சு நாலரைக்கு. அவன் வூட்டுக்குப் போவ வேணாமா?”

அதனால் பகல் ஒரு மணி. அதனால் இருட்டு செய்ய வேண்டும்.

எப்படிச் செய்வார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். மண்டியின் ஜன்னல்களுக்கெல்லாம் மூன்று மடிப்பு சாக்கு. கதவு இடுக்கில் வைக்கோல். கூரை ஓட்டு விரிசல்களுக்குச் சாணி. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டருக்குச் சாணிக்கா பஞ்சம்? அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நட்ட நடுவில் தனியாக உட்கார்ந்துவிடுவார். கண் பழகுவதற்குப் பத்து நிமிஷம். பிறகு உள்ளேயிருந்து கட்டளை வரும்.

“கிளார்க்கு! வடக்கு ஓரம், மூணாவது வரிசை, நாலாவது ஓடு. கடுகு சைசுல ஒண்ணு இருக்குது!”

நான் கூரை மேல் இருப்பேன். செஞ்சியில் மூன்று பக்கமும் கல்மலை. காலையெல்லாம் வாங்கின சூட்டை மத்தியானம் வட்டியோடு திருப்பிக் கொடுக்கும். ஓட்டின் மேல் ஒரு காலை வைத்தால் இன்னொரு காலைத் தூக்கிக்கொள்ள வேண்டும். கையில் சாணிச் சட்டியோடு நான் ஆடிய ஆட்டத்தைக் கடைத்தெருவில் நின்று பார்த்தவர்கள் பலர். அவர்களுக்கு அதுவே சினிமா.

கடைசியில் கம்பவுண்டர் தன் உள்ளங்கையை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்ப்பார். “என் கை எனக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா அது இருட்டு இல்ல, நெழலு,” என்பார். தெரியாமல் போனால்தான் படம்.

படம் ஓடும்போது சட்டம் ஒன்றே ஒன்று: யாரும் வாயைத் திறக்கக் கூடாது. படத்தில் பேசுகிற பாஷை ஒருவருக்கும் புரியாது. கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடும். அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் என்னையும் சேர்த்து மூன்று பேர். பாவம், பக்கத்தில் இருப்பவருக்காகக் கொஞ்சம் படித்துச் சொல்லலாமே என்று ஒருமுறை முணுமுணுத்தேன். கம்பவுண்டர் புரொஜெக்டரை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

“இன்னா படிக்கறே? மூஞ்சியப் பாரு! மாடு எனக்கு வயித்த வலின்னு எந்த பாஷையில வந்து சொல்லுது? மூஞ்சியப் பாத்துத்தான மருந்து குடுக்கறேன்? படத்து மேல நம்ம வார்த்த ஒண்ணுகூட உழக் கூடாது.”

அதைவிடப் பெரிய வைராக்கியம் ஒன்று உண்டு. பெட்டி சனிக்கிழமையே வந்துவிடும். ஆனால் அவர் படச்சுருளில் ஒரு அடிகூட முன்னதாகப் பார்க்க மாட்டார். மெம்பர் பார்ப்பதற்கு முன் தலைவர் பார்ப்பது அவருக்குத் திருட்டு. அதனால் ஒவ்வொரு படத்தின் முடிவும் எங்களைப் போலவே அவருக்கும் புதுசு.

படம் முடிந்ததும் கதவைத் திறப்பார் என்று நினைத்தீர்களா? அதுதான் இல்லை. உள்ளே தாழ்ப்பாள். ஒவ்வொருவரும் எழுந்து படத்தைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னவருக்குத்தான் கதவு திறக்கும். ஒருநாள் இந்த வாக்கியங்கள் நீண்டுகொண்டே போக, நாலரை பஸ் கண்டக்டர் பிரயாணிகளைத் தேடி மண்டிக்கே வந்து கதவை இடித்தார். கம்பவுண்டர் திறந்து, அவரையும் உள்ளே இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார்.

“உள்ள வந்தவன் ஒரு வாக்கியம் சொல்லிட்டுத்தான் வெளிய போவணும்.”

“யோவ், நான் படமே பாக்கலியே!”

“ஏன் பாக்கலன்னு சொல்லு.”

“பஸ்சு நிக்குதுய்யா அங்க!”

“சரி, அதுவும் ஒரு வாக்கியம்தான். போ.”

அடுத்த மாதம் அந்தக் கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மெட்ராஸ் சங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சில ஊர்ச் சங்கங்களில் படம் ஓடும்போது ஒருவர் நின்று கதை சொல்கிறாராம். இஷ்டத்துக்குக் கதையை மாற்றுகிறாராம். அப்படிச் செய்கிற ஊர்களுக்கு இனி பெட்டி வராது. நேரில் பார்த்து முடிவு செய்ய ஆள் அனுப்புகிறோம் என்று எழுதியிருந்தார்கள். நாங்கள் பயந்தோம். கம்பவுண்டருக்கோ ஒரே குஷி.

“வரட்டும்! நம்மகிட்ட அந்தப் பேச்சே கெடையாது.”

வந்தவர் கெடுபிடியான மனிதர். தடித்த கறுப்பு ஃபிரேம் போட்ட கண்ணாடி, மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டை, கக்கத்தில் ஃபைல். கம்பவுண்டர் அவரை இருட்டுக்குள் உட்காரவைத்துக் கையை நீட்டச் சொன்னார். பிறகு, “தெரியலையே!” என்று மெட்ராஸ்காரர் குரல் வந்தது. கோயிலில் கற்பூரம் காட்டும்போது வருகிற குரல் அது.

அன்றைக்கு உள்ளே மெம்பர் அல்லாத ஒருவரும் இருந்தார். பெயர் சவரிமுத்து. பக்கத்துக் கிராமத்து விவசாயி. அவருடைய உழவு மாடு ஒன்று விழுந்து எழுந்திருக்காமல் போகவே, வண்டியில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தார். மூன்று நாளாக மாடு வேப்பமரத்தடியில் கிடக்கிறது, மனிதரும் பக்கத்திலேயே கிடக்கிறார். காலையில் மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து மறுபடியும் அங்கேயே உட்கார்ந்திருந்தவரைக் கம்பவுண்டர்தான், “வாய்யா, ரெண்டு மணி நேரம் வேற எதையாச்சும் பாரு,” என்று இழுத்து வந்திருந்தார். பேசாமல் இருக்கிற பரீட்சை அவருக்குத் தேவைப்படவில்லை.

படம் என்ன படம் தெரியுமா? பனி கொட்டுகிற ஏதோ ஒரு தேசம். ஒரு கிழவன், அவனுக்கு ஒரே ஒரு குதிரை. கழுத்தில் மணி கட்டிய குதிரை. பால் வண்டி இழுக்கும். மூன்றாவது ரீலின் முடிவில் குதிரை பனியில் விழுந்தது. கிழவன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டான். நான் நான்காவது ரீலை, அதாவது கடைசி ரீலை, மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். ஊருக்கே கரண்ட் போய்விட்டது.

எங்கள் இருட்டின் தரம் அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. கதவு எந்தப் பக்கம் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அசைந்தவர்கள் மூட்டையில் முட்டிக்கொண்டார்கள். கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. கதவைக் கண்டுபிடித்துத் திறக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். “கலைக்காதீங்கய்யா, காலையிலேர்ந்து செஞ்சது!” என்றார் கம்பவுண்டர்.

அப்போது முன் வரிசையிலிருந்து ஒரு குரல்.

“கம்பவுண்டரய்யா... அந்தக் குதிர எழுந்துக்குமா?”

சவரிமுத்து.

“கரண்ட் வந்தா தெரியும்யா. கொஞ்சம் பொறு.”

“நாளைக்குக் காலம்பற கறிக்கு வாங்கறவன் வர்றேன்னு சொல்லிக்கிறான். நான் அவன்கிட்ட இன்னான்னு சொல்லட்டும்?”

மெட்ராஸ்காரர் எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவருடைய ஃபைல் சரசரக்கிற சத்தம் கேட்டது. கம்பவுண்டர் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். மூன்று வருஷ உழைப்பு, முப்பது கிராமத்துக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் அந்த ஒரு மனிதரின் வாயில் இருந்தது.

கம்பவுண்டர் தொண்டையைக் கனைத்தார்.

“எழுந்துக்கும்.”

அப்புறம் ஆரம்பித்தார் பாருங்கள்! அவர் பார்க்காத அந்தக் கடைசி ரீலை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். கிழவன் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டான். குதிரைக்கு அடியில் சாக்கு போட்டார்கள். இரண்டு மணிக்கு ஒரு தடவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரட்டிப் போட்டார்கள். “ஒரே பக்கமா உட்டா புண்ணு வந்துடும், கெழவனுக்கு அது தெரியும்.” வைக்கோலைச் சுருட்டிக் காலைத் தேய்த்தார்கள். கேழ்வரகுக் கஞ்சியில் வெல்லம் போட்டு, மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார்கள்.

தூக்கம் கலைந்த மண்டி முதலாளி, “பனியில கேவுருக்கு எங்கய்யா போனான் கெழவன்?” என்றார்.

“பரண் மேல வெச்சிருந்தான். ரெண்டாவது ரீல்ல காட்னாங்களே. நீ தூங்கிக்கினு இருந்தே.”

முதலாளி அடங்கிவிட்டார். அவர் தூங்கியது உண்மைதானே.

“ஒம்பது நாளு ஆச்சு. பத்தாம் நாள் விடியக்கால, கெழவன் உக்காந்தபடியே கண்ணசந்துட்டான். மணி சத்தம் கேக்குது. முழிச்சுப் பாக்கறான். குதிர பின்பக்கத்தத் தூக்குது. கால் நடுங்குது, ஆனா தூக்கிடுச்சு. அப்புறம் முன்காலு ஒண்ணு. அப்புறம் இன்னோண்ணு. நின்னுடுச்சு. அவ்ளோதான் படம்.”

இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அது நானாகவும் இருக்கலாம்.

நேரம் நாலு மணி ஆகியிருக்கும். கரண்ட் வரவில்லை. வழக்கப்படி வாக்கியங்கள் தொடங்கின. சவரிமுத்து எழுந்து, “நாளைக்கு வர்றவனத் திருப்பி அனுப்பிடறேன்,” என்றார். அது படத்தைப் பற்றிய வாக்கியமே அல்ல. கம்பவுண்டர் ஆட்சேபிக்கவில்லை. கடைசியில் மெட்ராஸ்காரர் முறை வந்தது. அவர் எழுந்து நின்று சொன்ன வாக்கியம் இது:

“இந்தப் படத்தை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.”

உட்கார்ந்துவிட்டார். கம்பவுண்டர் தாழ்ப்பாளைத் திறந்தார்.

எல்லோரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். சவரிமுத்து மாட்டிடம் போனார். அப்புறம்தான் கரண்ட் வந்தது. “மிச்சத்தைப் போடுங்க,” என்றார் மெட்ராஸ்காரர். கதவை மறுபடி சாத்திவிட்டுக் கடைசி ரீலைப் போட்டேன். கம்பவுண்டர், மெட்ராஸ்காரர், மண்டி முதலாளி, நான் என்று நாங்கள் நான்கு பேர்தான் பார்த்தோம். குதிரை எழுந்திருக்கவில்லை. கிழவன் அதன் கழுத்து மணியை அவிழ்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பனியில் நடந்து போனான். படம் முடிந்தது.

கம்பவுண்டர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “பெட்டிய நிறுத்திடுங்க சார். தப்பு என்னுதுதான். இவங்களுக்கு ஒண்ணும் தெரியாது.” வேட்டித் திரையைப் பார்த்துவிட்டு, “ஆனா அந்த ஊர்ல ஒரு மாட்டாஸ்பத்திரிகூட இல்ல பாத்தீங்களா சார்?” என்றார்.

மெட்ராஸ்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்த மாடு எங்கே இருக்குது?” என்று கேட்டார்.

வேப்பமரத்தடிக்குப் போனோம். சவரிமுத்து அதற்குள் மண்டிச் சாக்குகளை விரித்து வைத்துவிட்டு, தனி ஆளாக மாட்டைப் புரட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், “கரண்ட் வந்துடுச்சாமே சார், கடைசியப் பாத்தீங்களா? எழுந்துச்சா?” என்றார்.

“அதான் கம்பவுண்டர் சொன்னாரே,” என்றார் மெட்ராஸ்காரர். சொல்லிவிட்டு ஃபைலை என்னிடம் கொடுத்தார். அந்த வெள்ளைக் கால்சட்டையோடு மண்டியிட்டு மாட்டின் முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தார். நாங்கள் ஐந்து பேரும் சேர்ந்து புரட்டினோம். பஸ் ஏறும்போது அவர் கால்சட்டையின் நிறத்தை நான் வர்ணிக்க விரும்பவில்லை.

அடுத்த மாதப் பெட்டி ஒருநாள் முன்னதாகவே வந்தது.

மாடு எழுந்ததா என்று கேட்கிறீர்கள். பன்னிரண்டாம் நாள் எழுந்தது. ஆபீஸுக்குப் போகிற வழியில் நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். முதலில் பின்பக்கத்தைத் தூக்கியது. கால் நடுங்கியது. அப்புறம் முன்கால் ஒன்று, அப்புறம் இன்னொன்று. எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. பிறகுதான் எனக்கு உறைத்தது. குதிரை அப்படி எழுந்திருக்காது. அது முன்காலைத்தான் முதலில் ஊன்றும். பின்பக்கத்தைத் தூக்கி எழுவது மாடு. அது கம்பவுண்டருக்குத் தெரியாதா? தன் கையே தெரியாத அந்த இருட்டில் அவர் பார்த்துச் சொன்னது பனியில் கிடந்த குதிரையை அல்ல, வேப்பமரத்தடியில் கிடந்த இந்த மாட்டைத்தான்.

பல வருஷம் கழித்து வேறொரு ஊரில் அதே படத்தைப் போட்டார்கள். போய் உட்கார்ந்தேன். மூன்றாவது ரீல் முடிந்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன். எனக்குக் கம்பவுண்டர் சொன்ன முடிவே போதும்.