கடைசிப் பக்கமும் வான் திறப்பும்

பிரெஞ்சு பேசுகிற ஊரான பியர்பொன்ட்ஸில், தன் சொந்த வீட்டில் சண்முகலிங்கத்தாரின் சொல் எடுபடுகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: வானின் ஸ்டியரிங். தலை போனாலும் அதை விட்டுக்கொடுப்பதில்லை என்று அந்த ஞாயிற்றுக்கிழமை பல் விளக்கும்போதே சபதம் எடுத்துவிட்டார்.

மனைவி செல்வமலருக்கு வான் ஓட்ட வேண்டுமாம். "பஸ்ஸுக்கு நிண்டு நிண்டு கால் விறைக்குது" என்பாள். "பேந்து பாப்பம்" என்பார் இவர். வான் சாவி, அதுதான் அந்தத் திறப்பு, அவள் கைக்குப் போனால், "இஞ்சாருங்கோ, கடைக்கு ஒருக்கா கூட்டிக்கொண்டு போறியளோ?" என்று கெஞ்சுகிற குரல் பிறகு எங்கே கேட்கும்? அந்தக் குரலுக்காகத்தான் மனுசன் இரவெல்லாம் பேக்கரியில் மா குழைத்துவிட்டு, பகலெல்லாம் நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.

இதற்குள் வந்து புகுந்தது ஜப்பான். பிரெஞ்சு வகுப்பு ரீச்சர் படக்கதை வாசிக்கச் சொன்னாளென்று செல்வமலர் நூலகத்திலிருந்து ஒன்றை எடுத்து வந்தாள். பள்ளிக்கூடப் பெடியள் பேஸ்போல் ஆடுகிற கதை. இருபது புத்தகம். போதாதென்று அதே கதை பிரெஞ்சு பேசுகிற கார்ட்டூனாக டிவிடியிலும் வந்தது. அன்றிலிருந்து, பந்தெறிகிற தொக்குராவுக்குத் தோள் நோவென்றால் சண்முகலிங்கத்தாருக்குப் பழங்கறிதான்.

கத்திப் பார்த்தார். எடுபடவில்லை. பிறகுதான் மூளை வேலை செய்தது. அவள் பத்தொன்பது புத்தகம் முடித்து, கடைசிப் புத்தகத்துக்குக் காத்திருந்தாள். இவர் முந்திக்கொண்டுபோய் அதை எடுத்தார். அட்டையைத் திறந்தால் பிரெஞ்சில் பெரிதாக ஏதோ அறிவித்தல், ஒரு அம்புக்குறி. பதினைந்து வருடமாக பிரெஞ்சு தெரியாமலே இந்த ஊரில் பேரம் பேசி வென்றவர் அதையெல்லாம் வாசிப்பாரா? நேரே கடைசிப் பக்கத்துக்குப் பாய்ந்தார். தொக்குரா அழுது அழுது மைதானத்து மண்ணைப் பைக்குள் அள்ளிக்கொண்டிருந்தான். தோற்றவர்கள்தான் மண் அள்ளுவார்கள் என்று செல்வமலரே சொல்லியிருக்கிறாள். போதும். புத்தகத்தை வானில் தான் உட்காரும் சீற்றுக்குக் கீழே ஒளித்தார்.

அன்று மாலையே பந்தயம் கட்டினார்.

"உன்ர பெடியள் தோத்தா, இந்தச் சென்மத்தில வான் கதை எடுக்கக் கூடாது."

"அவங்கள் வெண்டா?"

"திறப்பு உனக்கு."

"ரெண்டு திறப்பும்."

"ஒண்டு!"

"ரெண்டு. இல்லையெண்டா எனக்கு ஒரு பந்தயமும் வேண்டாம்."

கொடுக்கப் போவதில்லை, இரண்டென்ன, பத்தென்ன. "சரி போ, ரெண்டு!"

இரண்டு வாரம் கழித்து, அந்தச் சபத ஞாயிறு, கடைசி டிவிடி. கடைசி இன்னிங்ஸ். தொக்குராவின் கசுமிதானி பள்ளிக்கூடம் ஒரு ஓட்டம் பின்னால். இரண்டு பேர் அவுட். ஓடிவர இருவர் காத்திருக்க, மட்டையோடு வந்தான் தொக்குரா. செல்வமலர் சேலைத் தலைப்பைக் கடித்தாள். சண்முகலிங்கத்தாருக்கு முடிவு தெரியும்.

"முடிஞ்சுது உன்ர சரித்திரம்!"

"கொஞ்சம் வாயை மூடுங்கோ!"

அடித்தான். பந்து மேலே போனது. இந்தப் படங்களில் ஒரு பந்து மேலே போனால், அது இறங்குவதற்குள் எல்லாருக்கும் சின்ன வயசு ஞாபகம் வந்து போக வேண்டும். தாய் அழுதாள். கோச் அழுதார். சண்முகலிங்கத்தார் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

பந்து வேலிக்கு முன்னால் விழுந்து உருண்டது. ஒருவன் ஓடி வந்தான். மற்றவன் புழுதியில் சறுக்கி வந்தான். கசுமிதானி வென்றது.

"கள்ளம்! சுத்தக் கள்ளம்!" சண்முகலிங்கத்தார் துள்ளி எழும்பினார். "புத்தகத்தில தோத்தவங்கள்! என்ர கண்ணால பாத்தனான்!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

செல்வமலர் ஆற அமர டிவியை நிறுத்தினாள்.

"எந்தப் பக்கத்தில பாத்தியள்?"

"க... கடைசிப் பக்கத்தில."

"அது முதல் பக்கம். ஜப்பான் புத்தகம் வலப்பக்கத்தால தொடங்கும். அழுதது போன வருசத்துத் தோல்விக்கு. 'இது கதையின்ர முடிவு, மற்றப் பக்கத்தால தொடங்குங்கோ' எண்டு பிரெஞ்சில கொட்டை எழுத்தில போட்டிருக்கே."

"உனக்கெப்பிடித் தெரியும்? அந்தப் புத்தகம் வான் சீற்றுக்குக் கீழ..."

"சீற்றை முன்னுக்கு இழுக்கேக்க கையில தட்டுப்பட்டுது. நீங்கள் பந்தயம் கட்ட வர முதலே வாசிச்சு முடிச்சு, திருப்பி வச்சிட்டன்."

"நீ ஏன் சீற்றை இழுத்தனி?"

"கால் எட்ட வேணுமெல்லே. பக்கத்து வீட்டு கிறேஸ் அக்கா பக்கத்தில இருந்து பழக்கினவ. லைசென்ஸும் எடுத்தாச்சு. நீங்கள் பகல்ல நித்திரை கொள்ள, நான் ஒளிச்சு ஒளிச்சு வான் ஓடினது போதும்."

சண்முகலிங்கத்தாருக்கு ஒன்று பளிச்சென்று விளங்கியது. ஒரு மாதமாக வானில் ஏறினால் வயிறு ஸ்டியரிங்கில் முட்டுகிறது. தொப்பை வைத்துவிட்டதென்று பயந்து, மனுசன் இரவுச் சோற்றையே விட்டிருந்தார்.

செல்வமலர் கையை நீட்டினாள். இரண்டு திறப்பும் கை மாறின. சமைக்கக் குசினிக்குப் போனவள் கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இனி வடிவாச் சாப்பிடுங்கோ. நான் இறங்கேக்க சீற்றைப் பின்னுக்குத் தள்ளி விடுறன்."