வேவு பார்க்கப் போய் ரீல் அடுக்கிய கதை

அதிகம் பேசாதவர்களை உலகம் மிக எளிதில் நம்பிவிடுகிறது. பேசாதவள் எந்நேரமும் பேசாமலே இருப்பாள் என்று யார் உறுதி கொடுத்தார்களோ தெரியாது. என் சித்தப்பா அந்த உறுதியின் மேல் தம் தொழிலையே ஏற்றி வைத்தார்.

அப்போது நான் காக்ஸ் டவுனில் சித்தப்பா வீட்டில் தங்கி இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். மதராஸிலிருந்து தமிழ்ப் படங்களை வாங்கிப் பெங்களூரில் வெளியிடும் விநியோகஸ்தர் அவர். (மாமனாரின் மரக்கடையில் உட்காரப் பிடிக்காமல் தேடிக்கொண்ட தொழில்.) அந்த வருடம் அவர் வாங்கிய படம் கன்டோன்மென்ட் தியேட்டர் ஒன்றில் ஓடியது; ஓடியது என்பதைவிட நொண்டியது என்பதே பொருந்தும். காரணம் விரைவிலேயே காதுக்கு எட்டியது. தியேட்டர்க்காரர்களே ஓட்டி முடித்த ரீல்களை இரண்டு மூன்றாகச் சாக்கில் கட்டி, சைக்கிளில் லிங்கராஜபுரத்து டென்ட் கொட்டகைக்கு அனுப்பி, அதே மாலையில் அங்கேயும் படம் காட்டினார்கள். பிரதி ஒன்று, வசூல் இரண்டு. சித்தப்பாவுக்குப் பங்கு தியேட்டரில் மட்டும். மணலில் உட்கார்ந்து மலிவாகப் பார்க்கக் கிடைக்கும் படத்துக்கு நாற்காலி தேடி யார் போவார்கள்? இந்தப் படம் கையைக் கடித்தால் மதராஸ்காரர்கள் அடுத்த படம் தரமாட்டார்கள். சித்தப்பாவுக்கு மறுபடியும் மரக்கடைதான்.

கையும் களவுமாகப் பிடிக்க வக்கீல் ஒருவரை ஏற்பாடு செய்தார். உள்ளே ஓடுவது தம் படம்தான் என்று பார்த்து வந்து சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அவரை டென்ட்காரர்கள் அறிவார்கள், என்னை அறியார்கள். மேலும், இலவச பாஸின் தயவால் அந்தப் படத்தை நான் மூன்று முறை பார்த்திருந்தேன்.

"வசந்தா, போய் உக்காரு, பாரு. இடைவேளை விட்டதும் வெளிய வந்து 'ஆமா'ன்னு ஒரு வார்த்த சொல்லு. வேற எதுவும் பேசாத," என்றார்.

"அவ வீட்லயே பேச மாட்டா," என்று சொல்லிச் சித்தி துணைக்குக் கிளம்பினாள்.

சித்தப்பாவும் வக்கீலும் எதிர் டீக்கடையில் காத்திருக்க, நாங்கள் பெண்கள் பக்கத்து மணலில் அமர்ந்தோம். படம் நல்லபடியாகத்தான் தொடங்கியது. கதாநாயகனின் தகப்பனார் இறந்தபோது பெண்கள் பக்கம் முழுவதும் முந்தானையில் மூக்கைச் சிந்தியது. சித்தியும் அழுதாள். (ஏற்கெனவே பார்த்த படம்தான்; அதற்காக அழாமல் இருக்க முடியுமா?) அடுத்த ரீல் ஓடியது. இறந்தவர் தம் மகளின் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டார்.

"ஏனம்மா, இவரு இப்பத்தானே செத்தாரு?" என்றார் பக்கத்திலிருந்த அம்மாள்.

"சும்னிரு, அது கனவு சீன்," என்று பாதிக் கன்னடத்தில் பின்னாலிருந்தவர் அடக்கினார்.

கனவுமில்லை, ஒன்றுமில்லை. வழியில் யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று டப்பாக்களின் எண்களைச் சுரண்டிவிட்டு, அதற்குள் வந்து குவிந்துவிட்ட சாக்குகளிலிருந்து கைக்கு வந்ததை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இது விளங்கிய அக்கணமே நான் வாயை இறுக மூடிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஒரு படைப்பின் அங்கங்கள் இடம் மாறிக் கிடப்பதைக் கண்டு வாளாவிருப்பது, அன்று எனக்குத் திருட்டைவிடப் பெரிய குற்றமாகப்பட்டது. சித்தி தாவணியைப் பிடித்து இழுத்தாள். நான் ஆபரேட்டர் அறை வாசலில் நின்றேன்.

"பொம்பளைங்க இங்கல்லாம் வரக் கூடாதும்மா," என்றார் ஆபரேட்டர்.

"மொதல்ல கல்யாணம். அப்புறம்தான் சாவு," என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இன்னொரு ரீலை உருவி பல்பு வெளிச்சத்தில் நீட்டினார். "அப்ப இது எது?"

"அது ஜெயில். கடைசிக்கு முந்தினது."

அவ்வளவுதான், மானமும் மரியாதையும் பாராமல் தரையில் உட்கார்ந்து, ரீல்களைச் சுவரோரமாகக் கதைப்படி அடுக்கினேன். ஆபரேட்டர் பயபக்தியுடன் சாக்பீஸால் எண் போட்டார். டென்ட் முதலாளியே கோலி சோடா கொண்டுவந்து கொடுத்தார். படம் மறுபடி கல்யாணத்திலிருந்து தொடங்கியதும் கொட்டகை விசிலடித்தது. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அது.

இடைவேளை கடந்தும் நான் வராததால் பதறிப்போய்ச் சித்தப்பா வக்கீலுடன் உள்ளே பாய்ந்தார். ஒரு கையில் சோடாவும் மறு கையில் ரீலுமாக நான் நின்றேன். சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன்.

"ஆமா."

"உங்க வீட்டுப் பொண்ணா சார்?" என்று முகம் மலர்ந்தார் டென்ட் முதலாளி. "எல்லாம் அதுதான் எடுத்துக் குடுத்துச்சு. நீங்க அனுப்பிச்ச ஆளுன்னா உங்க சம்மதம்னுதானே அர்த்தம்?"

வக்கீல் சிரிப்பை அடக்கத் தம் கோட்டுப் பொத்தான்களைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். வழக்கு நிற்காது என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

அதன்பின் டென்ட்டில் படம் பிசகாமல் பல வாரம் ஓடியது, கூட்டமில்லாத தியேட்டரில் கடைசியில் எடுத்துவிட்டார்கள். சித்தப்பா மரக்கடைக்குத் திரும்பினார். ஒரு வருடம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. பிறகு ஒரு நாள் தேக்கு விலை பேச வந்தவரிடம் இந்தக் கதையைச் சொல்லித் தாமே விழுந்து விழுந்து சிரித்தாராம்.

இப்போது நான் எம்.ஏ. படிக்கிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் சித்தி இதைச் சொல்வாள். வேண்டுமென்றே வக்கீலின் இருமலில் தொடங்கி, சோடாவுக்குப் போய், அங்கிருந்து பாயசத்துக்குத் தாவுவாள். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கும். புத்தகத்திலிருந்து தலையை எடுப்பதில்லை என்று ஒவ்வொரு முறையும் சபதம் செய்துகொள்கிறேன்.

"சித்தி," என்று என் குரல் எனக்கே கேட்கும். "மொதல்ல சைக்கிள்."