இரும்புப் பெட்டியில் நசுங்கிய விரல்

திண்டிவனத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோதுதான் சவுரியம்மாள் மகனின் கையைக் கவனித்தாள். நடுவிரல் வீங்கி, பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"பந்து பட்டுதுன்னு அங்க போய் ஒளறி வைக்காத."

ஞானராஜ் உளறுவதாக இல்லை. கல்லூரியில் அவன் கூடைப்பந்து ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத்தான் விழுப்புரம் பக்கத்துச் சர்க்கரை ஆலை அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. பெயருக்குக் குமாஸ்தா, சம்பளம் ஆலையின் அணிக்கு ஆடுவதற்கு. இதை உள்ளபடி சொன்ன இரண்டு சம்பந்தமும் கைநழுவிவிட்டன. "கால் ஒடிஞ்சா எம் பொண்ணு சோத்துக்கு எங்க போவும்?" என்று கேட்டார் காணை ஊர்ப் பெண்ணின் அப்பா. கிளியனூரில் காபியே வரவில்லை.

இந்த முறை குமாஸ்தா என்பதோடு நிறுத்திக்கொள்வதாக ஏற்பாடு.

பெண் வீட்டு நிலைப்படி தலையில் இடிக்காமல் குனிந்து நுழைந்தான். பெண்ணின் அப்பா மாசிலாமணியின் கண் நேராக விரலுக்குப் போனது.

"ஆபீஸ் இரும்புப் பெட்டியில நசுங்கிடுச்சுங்க."

"பெட்டிச் சாவியே உங்ககிட்டதான் இருக்குதா?"

ஆமாம் என்று சொல்லவேண்டியதாகிவிட்டது. அவ்வளவு பொறுப்பான பிள்ளையை அவன் நாற்காலியிலேயே பார்க்க மாசிலாமணிக்கு ஆசை வந்துவிட்டது. வியாழக்கிழமை விழுப்புரத்தில் ஒரு வேலை இருக்கிறதாம், அப்படியே ஆலைக்கும் வந்துவிடுகிறாராம்.

வியாழக்கிழமை மேட்ச்.

"அன்னிக்கு லீவுங்க. கால்வலிக்கு டாக்டரைப் பாக்கணும்."

"காலுக்கு என்னா?"

"ஆபீஸ் படியில விழுந்துட்டேங்க."

மாசிலாமணி விரலைப் பார்த்தார், காலைப் பார்த்தார், பிறகு மனைவி அருள்ராணியைப் பார்த்தார். ஆபீசில் உட்கார்ந்திருப்பவனுக்கே இத்தனை அடியா என்று முகம் கேட்டது. சவுரியம்மாள் மனதுக்குள் அந்தோணியாரைக் கூப்பிட்டாள்.

லூர்துசெல்வி காபி கொண்டுவந்தாள். நிலைப்படியில் அவள் நன்றாகத் தலை குனிந்து வந்ததில், அடக்கமான பெண் என்று சவுரியம்மாளுக்குத் திருப்தி. தட்டைப் பிடித்த கையில் இரண்டு விரல்களுக்குப் பிளாஸ்திரி.

"ஆட்டுக்கல்லுல நசுக்கிக்கினா," என்றாள் அருள்ராணி, யாரும் கேட்பதற்கு முன்பே.

மாசிலாமணி சட்டென்று கூரையைப் பார்த்தார்.

டம்ளரை நீட்டக் குனிந்தவள், ஞானராஜுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"வியாழக்கிழமை அப்பா விழுப்புரம் வர்றதே எங்க மேட்ச் பாக்கத்தாங்க, அதுக்கு அடுத்த மேட்ச் உங்களுது."