ஆண்டவரிடம் போட்டுக்கொடுத்த மேனேஜர்

வீரர்களைக் கடவுளிடம் போட்டுக்கொடுத்தே ஒரு கால்பந்து அணியை நடத்துகிற மனிதர் இந்தப் பூவுலகில் ஒருவர்தான் இருக்க முடியும். அஸ்தினாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் பந்து மூட்டையோடு தாம்பரம் வந்து சேரும் எங்கள் கிளப் மேனேஜர்தான் அவர். வீட்டில் வைத்த பெயர் என்னவோ, எங்களுக்கு ஜெபம் அங்கிள்.

நேருக்கு நேர் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேச மாட்டார். பிராக்டீஸில் என்ன கூத்தடித்தாலும் "பரவாயில்லப்பா" என்று முதுகில் தட்டுவார். எல்லாவற்றையும் மனசுக்குள் சேர்த்துவைத்து, மேட்ச்சுக்கு முன்னால் எங்களை வட்டமாக நிறுத்தி, மைக் இல்லாமலே சர்ச் கடைசி பெஞ்சுவரை எட்டுகிற அந்தக் குரலில் ஆரம்பிப்பார்.

"அன்பின் பரலோகப் பிதாவே, எங்க லெஃப்ட் பேக் முன்னால ஓடிட்டு திரும்பி வர மறந்துடறான். அவனுக்கு நல்ல புத்தியைத் தாரும். எங்க சென்டர் ஃபார்வர்டு மேட்ச் அன்னைக்கும் பரோட்டாவை விடமாட்டேங்கறான். அவன் வாயைக் கட்டும் ஆண்டவரே!"

லெஃப்ட் பேக் நான்தான். ஜெபத்துக்கு நடுவே எதிர்த்துப் பேச முடியுமா? கூனிக்குறுகி நின்றுவிட்டு, கடைசியில் ஆமென் வேறு சொல்லித் தொலைக்க வேண்டும்.

போன சீசன் எங்களுக்குச் சனி பிடித்த சீசன். கடைசி மேட்ச்சில் டிராவாவது செய்தால் டிவிஷனில் நீடிப்போம். தோற்றால் கீழ் டிவிஷன். அங்கிள் முதல் நாளே சொல்லிவிட்டார்: "டீம் இறங்கிடுச்சுன்னா நான் விலகிக்கறேம்பா. வேற நல்ல ஆளா பாத்துக்கங்க." டிவிஷன் போனால் போகட்டும், அங்கிள் போனால் கிளப் ஏது?

கோல்கீப்பர் பொழிச்சலூர் சரவணன். நெற்றி நிறைய விபூதி இல்லாமல் கிரவுண்டில் இறங்க மாட்டான். அவனுக்கு இடது முழங்காலில் அடி. எதிரணிக்குத் தெரியக்கூடாதென்று கட்டுப் போட்டு, மேலே டிராக் பேன்ட் மாட்டி மறைத்திருந்தான். அங்கிள் கண்ணை மூடினார்.

"கர்த்தாவே, எங்க சரவணனோட இடது முழங்காலைத் தொடும்! இடது பக்கம் அவனால பாய முடியல ஆண்டவரே, இடது பக்கம்!"

பக்கத்தில் வார்ம்-அப் செய்துகொண்டிருந்த எதிரணி அப்படியே நின்று கேட்டது. அவர்கள் கேப்டன் பக்தியோடு "ஆமென்" என்றான்.

அப்புறமென்ன, வந்த பந்தெல்லாம் சரவணனுக்கு இடது பக்கமே வந்தது. இடைவேளைக்குள் இரண்டு கோல். நொண்டிக்கொண்டே வந்தான் சரவணன்.

"இன்னா அங்கிள், ஆண்டவருக்குக் காது நல்லாத்தானே கேக்குது? ஏன் ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறீங்க? இன்னொரு வாட்டி ஜெபம் பண்ணி, வலது முட்டின்னு சொல்லுங்க. அவனுங்க அந்தாண்ட அடிப்பானுங்க."

அங்கிளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஆண்டவர்கிட்டயே பொய் சொல்லச் சொல்றியாப்பா?"

பரோட்டாக்காரன் ஒரு கோல் திருப்பினான். அவ்வளவுதான் முடிந்தது. இரண்டுக்கு ஒன்று. இறங்கிவிட்டோம்.

அங்கிள் பந்து மூட்டையை என் காலடியில் வைத்தார். "பாத்துக்கங்கப்பா" என்றார். கண் கலங்கியிருந்தது.

சரவணன்தான் எழுந்தான். "டேய், எல்லாரும் வட்டமா நில்லுங்கடா. அங்கிள், நீங்களும் வாங்க. ஜெபம்."

பழக்க தோஷம், அங்கிள் தானாக வந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆண்டவரே, எனக்கு இதெல்லாம் வராது. எங்கள இட்டாந்து ஆட வெச்சதே எங்க அங்கிளுதான். அவருக்கு வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. இப்ப வுட்டுட்டுப் போறேன்னு பேஜார் பண்ணிகினு கீறாரு. அடுத்த சீசனும் அவரேதான் மேனேஜரா இருக்கணும். ஜெபம் கேளும் நல்ல பிதாவே..."

"ஆமென்!" என்றோம் நாங்கள். ஒரு குரல் மட்டும் வரவில்லை.

ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அங்கிள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். ஆமென் சொன்னால் மீற முடியாது. சொல்லாமல் ஜெபத்தை விட்டு நகர்ந்து போகவும் அந்த மனிதரால் முடியாது. நாங்களும் அசையவில்லை.

"ஆமென்" என்றார் கடைசியில். அவர் வாயிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு வார்த்தை வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். கீழ் டிவிஷனுக்கு இறங்கிய துக்கமெல்லாம் எனக்கு அதோடு போயே போய்விட்டது.