காத்திருப்போர் கூடத்தில் நாற்பது வயலின்கள்

உலக இசை வரலாற்றை எழுதப் புறப்படும் எவரும், ஐரோப்பாவுக்கு ஒதுக்கிய பக்கங்களில் பாதியைப் பிடுங்கி, திண்டுக்கல்லில் உள்ள எங்கள் பெயர்த் திருத்த வட்டார அலுவலகத்துக்கு வழங்குவதே நியாயம். நான் அங்கே கண்காணிப்பாளர். பெயர் ராயப்பராஜ். தற்பெருமை என் குணமல்ல. பதவி உயர்வுப் படிவத்தில் கேட்டால் மட்டும் எழுதுவேன்.

எங்கள் பணி புனிதமானது. எங்கோ யாரோ சான்றிதழ்களில் மக்களின் பெயரைப் பிழையாக எழுதிவிடுகிறார்கள். நாங்கள் அதைத் திருத்துகிறோம். அதாவது, திருத்தக் கோரும் மனுவை வாங்கி வைத்துக்கொள்கிறோம். மனு ஏழு மேசைகளைக் கடந்து ஏழாவது மாதத்தில் கையெழுத்தாகும். சங்கீதம் தெரிந்தவர்கள் இதை விளம்ப காலம் என்பார்கள். தெரியாதவர்கள் வேறு சில சொற்களால் குறிப்பிட்டார்கள். கூடத்தில் நின்று உரக்கவே குறிப்பிட்டார்கள்.

அவர்களில் முதன்மையானவர் சேவுகம்பட்டி கருப்புசாமி. மல்லிகை விவசாயி. அவருடைய நிலப் பத்திரத்தில் 'பருப்புசாமி' என்று இருந்தது. வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, "எங்கப்பன் எனக்கு வச்ச பேரு கருப்பு! அதுல எவன்டா பருப்பப் போட்டது?" என்று கேட்பார். அவருடைய பருப்பு எங்களிடம் வேகவில்லை என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

இந்த நிலையில்தான் எங்கள் அலுவலர் அழகுராஜா, கொடைக்கானலில் மூன்று நாள் நடந்த 'மன அழுத்தமில்லா நிர்வாகம்' பயிற்சியை முடித்துக்கொண்டு மலையிறங்கினார். திங்கட்கிழமையே கூட்டம் போட்டார்.

"ராயப்பராஜ், மக்கள் ஏன் கத்துறாங்க?"

"மனு நகரல சார்."

"அது காரணம் இல்ல, அது நிலைமை. காரணம் என்னன்னா, கூடத்துல சூழல் சரியில்ல."

அந்த நுட்பம் என்னை மெய்சிலிர்க்க வைத்தது. சூழலை எப்படிச் சரிசெய்வது என்று ஒன்றரை மணி நேரம் ஆலோசித்தோம். தட்டச்சர் நாகஜோதி மட்டும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு, உலகத்தோடு எந்த வழக்கும் இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"காதுல என்னம்மா?" என்றார் அலுவலர்.

"ஆர்கெஸ்ட்ரா சார்."

"திருவிழா மேடையில குத்துப் பாட்டு பாடுவாங்களே, அதுவா?"

"ஐயோ, இல்ல சார். நிழல் கோட்டைன்னு ஒரு வீடியோ கேம். அதுல வர்ற சின்ன டியூனை யாரோ ஒரு ரசிகர் எடுத்து, நாப்பது வயலின், செல்லோ, பின்னாடி மழைச் சத்தம்னு சேத்து, மூணு மணி நேரத்துக்கு ரீமிக்ஸ் பண்ணி யூடியூப்ல போட்டிருக்காங்க. சண்டைக்கு நடுவுல ஹீரோ போயி மூச்சு வாங்குற ரூம் ஒண்ணு இருக்கு சார். அங்க வாசிக்கிற டியூன் இது. அந்த ரூமுக்குள்ள பேய், பிசாசு எதுவும் வராது."

"மேலதிகாரிங்க?"

"வரமாட்டாங்க சார்."

"போடு" என்றார் அலுவலர்.

கூடத்தின் நான்கு மூலையிலும் ஸ்பீக்கர் ஏறியது. மறுநாள் கருப்புசாமி வழக்கமான கேள்வியோடு வாயைத் திறந்தபடி நுழைந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. மெதுவாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தாயி, வெளிய மழை பேயுதா?"

"இல்லய்யா, ஸ்பீக்கர்ல பேயுது" என்றாள் நாகஜோதி.

"எங்கூர்ல பேயாட்டாலும் இங்கனயாச்சும் பேயுதே" என்றவர் கண்ணை மூடினார். மாலை நாலரைக்கு எழுப்பினோம். "செத்த நேரம் அசந்துட்டேன். பரவால்ல, நாளைக்கு வாரேன்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். வந்தார். தூக்குவாளியில் சோறும் வெஞ்சனமும் கட்டிக்கொண்டே வந்தார்.

ஒரே மாதத்தில் புகார்கள் பூஜ்யம். யாரும் கேட்காததால் பதில் சொல்ல வேண்டியதில்லை. பதில் சொல்ல வேண்டாததால் கோப்பைத் திறக்க வேண்டியதில்லை. ஏழு மாதம் பதினொன்றானது. இதைக் கூட்டக் குறிப்பில் 'பொதுமக்களின் பொறுமைத் திறன் மேம்பாடு' என்று எழுதினேன். தலைமையகம் மகிழ்ந்தது. 'அமைதி அலுவலகம்' விருதுக்கு எங்களைப் பரிசீலிக்க, இணை இயக்குநர் கமர்ஜஹான் மேடம் வியாழக்கிழமை நேரில் வருவதாகக் கடிதம் வந்தது.

அந்த வாரத் திங்கட்கிழமைதான் சர்புன்னிசா வந்தார். முப்பது வயதிருக்கும். பேகம்பூரில் தந்தையின் தோல் குடோனில் சரக்கு அனுப்பும் வேலையைக் கவனிப்பவர். பள்ளிச் சான்றிதழில் அவர் 'சர்பத்நிசா'. ஐந்து மாதம் முன்பு மனு கொடுத்துவிட்டு, நடந்துவிடும் என்று நம்பி வீட்டில் இருந்தவர். அப்படியும் சிலர் இருக்கிறார்கள்.

வாசலிலேயே நின்றுவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"சார், இது என் மியூசிக்."

"எல்லாருக்கும் அப்படித்தாம்மா தோணும். மனசைத் தொடுற இசை."

"அதில்ல சார். நான் செஞ்சது. இந்த மழை எங்க அத்தாவோட குடோன் தகரத்துல பேஞ்ச மழை. இருங்க, இப்ப ஒரு ஆட்டோ ஹாரன் வரும் பாருங்க."

வந்தது. அதுவரை அதை ஏதோ ஐரோப்பிய ஊதுகுழல் என்றே நான் ரசித்துவந்தேன்.

நாகஜோதி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்களா! நம்ம ஊரா!"

சர்புன்னிசா விவரம் சொன்னார். இந்த ரீமிக்ஸைக் கேட்டுவிட்டு, ஜப்பானில் வீடியோ கேம் இசை ரசிகர்கள் நடத்தும் விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். உண்மையான வயலின்காரர்கள் நாற்பது பேர் மேடையில் உட்கார்ந்து வாசிக்கப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை பாஸ்போர்ட் அலுவலகத்தில் திருத்திய சான்றிதழைக் காட்ட வேண்டும். தவறினால் விழா இல்லை.

அலுவலர் பரவசமானார். சால்வை வாங்கிவரச் சொன்னார். விதிகளின் காவலன் என்ற முறையில் நான் குறுக்கிட வேண்டியதாயிற்று.

"சார், யூடியூப்ல இருக்கிறது சர்புன்னிசா. நம்ம கோப்புல இருக்கிறது சர்பத்நிசா. ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்னு ஆதாரம் இல்ல."

"ஆதாரத்துக்கு என்ன வேணும்?"

"பெயர்த் திருத்தம் முடிஞ்ச நகல் வேணும் சார்."

சர்புன்னிசாவின் கண் கலங்கியது. கலைஞர்கள் உணர்ச்சிவசப்படுபவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

"என் கோப்பு எங்க சார் இருக்கு?"

"மூணாவது மேசையில. ஓய்வுல இருக்கு."

அவர் கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். எழுபது பேர். பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் புன்னகை. தன் இசைக்கு இத்தனை ரசிகர்களைக் கண்டும் அவர் மகிழவில்லை.

"சார், கேம்ல அந்த ரூமுக்குள்ள ரெண்டு நிமிஷந்தான் இருக்கணும். மூச்சு வாங்கிட்டு வெளிய போயி சண்டை போட்டாத்தான் கோட்டைக் கதவு தொறக்கும். நீங்க எல்லாரையும் அங்கனயே குடி வச்சிட்டீங்களே!"

அலுவலர் இதில் 'குடி வச்சிட்டீங்க' என்பதை மட்டும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "வியாழக்கிழமை மேடம் வர்றாங்க. இதைவிடப் பிரமாண்டமா ஒண்ணு செஞ்சு தர முடியுமாம்மா?"

சர்புன்னிசா தூங்கும் கூடத்தை இன்னொரு முறை பார்த்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"தாரேன் சார். பிரமாண்டமாவே தாரேன்."

வியாழன் காலை பதினொன்றுக்கு கமர்ஜஹான் மேடம் வந்தார். சர்புன்னிசா கொண்டுவந்த பென்டிரைவை நாகஜோதி செருகினாள். பத்து நிமிடம் மழை பெய்தது. மேடம் கூடத்தின் அமைதியைப் பார்த்துத் தலையசைத்தார். அலுவலர் விருதை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று நோட்டமிட்டார்.

மழை நின்றது.

ஒரு முரசு அடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு அறுபது முரசுகள், அவற்றின் மேல் ஊதுகுழல்கள், அவற்றின் மேல் சொல்லே இல்லாமல் நூறு குரல்கள். கோட்டை வாசலில் ஹீரோ கடைசிப் பூதத்தோடு மோதும் கட்டத்துக்கான இசை அது என்று நாகஜோதி பின்னால் வாக்குமூலம் அளித்தாள்.

கருப்புசாமி கண்ணைத் திறந்தார். எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏலே! பதினோரு மாசமாவா நான் இங்கன ஒக்காந்திருக்கேன்?"

எழுபது பேரும் எழுந்தார்கள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே வந்தார்கள். தாளம் பிசகாமல் கவுன்டரை நோக்கி நடந்தார்கள். யாரும் கத்தவில்லை. கத்த வேண்டியதை எல்லாம் ஸ்பீக்கரே கத்தியது.

எங்கள் பக்கம் நடந்ததைச் சொல்ல நா கூசுகிறது. நாகஜோதியின் விரல்கள் விசைப்பலகையில் ஓடின. முரசுக்கு ஒன்றாக முத்திரை விழுந்தது. மூன்றாவது மேசைக் கோப்புகள் யாரோ துரத்துவதுபோல நாலு, ஐந்து, ஆறு என்று தாவின. அலுவலர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "அடுத்தது! அடுத்தது!" என்று கையெழுத்துப் போட்டார். நான் ஓடினேன். இருபத்திரண்டு ஆண்டு சேவையில் முதல் முறையாக, கோப்புகளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். என் முழங்கால் சாட்சி.

எழுபது நிமிடத்தில் இருநூற்றுப் பதினான்கு பெயர்கள் திருந்தின.

கருப்புசாமி தன் தாளை எழுத்துக் கூட்டிப் படித்தார். "க... ருப்பு. தாயி, கருப்பாயிட்டேன் தாயி!" என்று மடியிலிருந்த மல்லிகையை அள்ளி ஸ்பீக்கர் மேல் வைத்தார். சர்புன்னிசா தன் சான்றிதழை மூன்று முறை படித்தார். பிறகு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "வாரேன் சார்" என்று சிரித்த முகத்தோடு போனார். இரண்டு மாதம் கழித்து ஜப்பான் மேடையில் அவர் நிற்கும் வீடியோவை நாகஜோதி காட்டினாள். பின்னால் நாற்பது வயலின்கள், கீழே பெயர். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். எல்லாம் அடங்கியதும் மேடம் கேட்டார், "ஒரு பேரைத் திருத்த எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது செகண்ட் மேடம்" என்றாள் நாகஜோதி. வயது போதாது.

அலுவலர் இருமினார். மேடம் எதையோ எழுதிக்கொண்டு கிளம்பினார். விருது வேறோர் அலுவலகத்துக்குப் போனது. அங்கே காத்திருப்போர் கூடமே கிடையாதாம்.

அடுத்த வாரம் தலைமையகத்திலிருந்து எனக்குக் குறிப்பாணை வந்தது. நாளொன்றுக்கு இரண்டு கோப்பு முடியும் அலுவலகத்தில், குறிப்பிட்ட அந்த எழுபது நிமிடத்தில் மட்டும் இருநூற்றுப் பதினான்கு முடிந்தது எப்படி என்று மூன்று நாட்களுக்குள் விளக்கம் அளிக்க வேண்டும். நான் உண்மையை மறைக்கவில்லை. 'அன்றைய தினம் இசையின் தூண்டுதலால் பணியாளர்கள் தம்மை அறியாமல் வேலை செய்துவிட்டனர். சம்பந்தப்பட்ட பென்டிரைவ் கைப்பற்றப்பட்டு பீரோவில் பூட்டப்பட்டுள்ளது. இத்தகைய தவறு இனி நேராது என உறுதியளிக்கிறேன்' என்று எழுதி அனுப்பினேன்.

என் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஒரே நாளில்.