உங்கள் மாப்பிள்ளையைக் கொஞ்ச நாள் அழைத்து வைத்துக்கொள்ளவும்

மரியாதைக்குரிய பெரியண்ணன் அவர்களுக்கு, தங்கை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. வழக்கமாக இந்த இடத்தில் 'இங்கு நான் நலம்' என்று எழுத வேண்டும். ஆனால் நான் நலமா, நலம் என்றால் எந்த மருந்தால் நலம் என்பது எனக்கே தெரியக்கூடாது என்று ஆஸ்பத்திரியில் விதி. ஆகவே அந்த வரியைக் காலியாக விட்டிருக்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். உங்கள் ரத்த அழுத்தமும் அண்ணியின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு அடக்கமாக இருக்கின்றன என்று நம்புகிறேன்.

போனில் சொல்லாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உங்கள் மாப்பிள்ளைதான். நான் போன் எடுத்தால் ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார், இடையிடையே திருத்தமும் சொல்கிறார். இப்போது யாரோ கூப்பிட்டு எங்கேயோ லிஃப்ட் ரிப்பேருக்குப் போயிருக்கிறார். அவர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும் என்பதால் கையெழுத்து ஓடுகிறது. கை நடுங்குகிறது என்று நினைத்து அண்ணி அழ ஆரம்பிக்க வேண்டாம்.

எனக்கு வந்திருக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ன மாதிரி வியாதி என்று அண்ணி போன தடவை கேட்டார்கள். நரம்பின் மேல் ஓர் உறை இருக்கிறதாம், அதை நம் உடம்பே எதிரி என்று தப்பாக நினைத்து அரித்துவிடுகிறதாம். டாக்டர் இதைப் படம் போட்டு விளக்கிக்கொண்டிருக்கும்போதே உங்கள் மாப்பிள்ளை எழுந்து நின்று, "அவ்வளவுதானே சார், ஒயர் நல்லாருக்கு, மேல ரப்பர் உரிஞ்சிருக்கு, டேப் சுத்தினா சரியாயிடும்" என்றார். டாக்டர் பாவம், மிகவும் நல்லவர். "டேப்தான் இன்னும் கண்டுபிடிக்கலை" என்றார். அந்த டேப்பைத் தேடுகிற ஆய்வில்தான் நான் பேர் கொடுத்திருக்கிறேன்.

அதன் ஏற்பாடு இப்படி. ஒரு குழுவுக்குக் கையில் ஏற்றுகிற டிரிப்ஸில் புது மருந்து, விழுங்குகிற மாத்திரை வெறும் மாவு. இன்னொரு குழுவுக்கு டிரிப்ஸ் வெறும் தண்ணீர் மாதிரி, மாத்திரையில் ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள மருந்து. ஆக மருந்தில்லாமல் யாரும் கிடப்பதில்லை. யாருக்கு எதில் இருக்கிறது என்பதுதான் எனக்கும் தெரியாது, ஏற்றுகிற நர்ஸுக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. ஆய்வு முடிகிறவரைக்கும் எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும். இதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒருங்கிணைப்பாளர் அம்மாளுக்கு நான் உஷ் மேடம் என்று பேர் வைத்திருக்கிறேன், ஏனென்றால் என் வீட்டுக்காரர் வாயைத் திறக்கும்போதெல்லாம் அவர்கள் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பார்கள்.

யாருக்கும் தெரியாது என்ற வார்த்தை உங்கள் மாப்பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, அண்ணா. எந்தப் பெட்டியானாலும் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தே பழகிய மனுஷர். முதலில் டிரிப்ஸ் பாட்டிலை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தார். இரண்டும் பிரயோஜனப்படவில்லை என்றதும் ஒருநாள் காலையில் நான் பல் தேய்த்துவிட்டு வந்து பார்க்கிறேன், என் மாத்திரையை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். "என்னங்க பண்றீங்க?" என்றால், "கசக்குதான்னு பாக்கறேன். மாவுன்னா கசக்காதுல்ல" என்கிறார். "கசக்குதா?" என்று நானும் கேட்டுத் தொலைத்தேன், அதுதான் என் முட்டாள்தனம். "கொஞ்சம் கசக்கற மாதிரி இருக்கு. ஆனா நான் இன்னும் காபி குடிக்கலை, வாயே அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அதைத் துப்பிக் கழுவி என்னிடம் நீட்டினார். மாத்திரை குறைந்த கதையை மருந்துக் கவுண்டரில் நான்தான் நின்று ஒப்பிக்க வேண்டியிருந்தது. "வீட்டுக்காரர் நக்கிட்டார்" என்பதை எப்படிக் கௌரவமாகச் சொல்வது? உஷ் மேடம் அதைக் கம்ப்யூட்டரில் பதியும்போது இரண்டு தடவை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள்.

அத்தோடு நின்றதா? அங்கே ஒரு சோதனை உண்டு. பலகையில் ஓட்டைகள் இருக்கும், கிண்ணத்தில் இருக்கிற குச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொருகித் திரும்ப எடுத்துப் போட வேண்டும், கை எவ்வளவு வேகம் என்று ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்ப்பார்கள். இவர் அதை ஒரே தடவைதான் பார்த்தார். வீட்டுக்கு வந்து டிரில்லிங் மெஷினை எடுத்து அச்சு அசலாக அதே மாதிரி ஒன்று செய்துவிட்டார். காலையில் பயிற்சி, சாயங்காலம் பயிற்சி. டிவியில் செய்தி ஓடும்போது நான் குச்சி சொருகிக்கொண்டிருக்கிறேன், இவர் பக்கத்தில் நின்று, "விடாதே, இடது கை, இடது கை!" என்று கத்துகிறார், எதிர்வீட்டம்மா ஏதோ சண்டை என்று எட்டிப் பார்க்கிறார்கள். அடுத்த தடவை ஆஸ்பத்திரியில் நான் சொருகின வேகத்தைப் பார்த்து எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. எனக்குத் தாங்கவில்லை. நல்ல மனுஷர்களை ஏமாற்றுகிறோமே என்று பலகை விஷயத்தை உஷ் மேடத்திடம் சொன்னேன். மலர்ந்த முகமெல்லாம் வாடிவிட்டது. "பழகிட்டா அது மருந்தோட வேலையா, பலகையோட வேலையான்னு எங்களுக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார்கள். நியாயந்தானே? பலகை பரணுக்குப் போய்விட்டது.

இப்போது லிஃப்ட் விஷயத்துக்கு வருகிறேன், இந்தக் கடிதம் எழுதுவதே அதற்காகத்தான். எங்கள் ஆய்வில் இரண்டு டாக்டர்கள். ஒருவர் வைத்தியம் பார்ப்பவர், அவரிடம் எதையும் சொல்லலாம். இன்னொருவர் அளவு மட்டும் எடுப்பவர். நடக்கச் சொல்வார், பார்ப்பார், குறித்துக்கொள்வார். மருந்து ஏறினபோது எனக்கு என்ன ஆனது என்று அவருக்கு ஒரு வார்த்தை தெரியக்கூடாது. தெரிந்தால் அவர் மனசு ஒரு பக்கம் சாயும், கூடவே ஸ்டாப் வாட்சும் சாயும். அவரிடம் வணக்கம் தவிர வேறு பேச்சு வேண்டாம் என்று உஷ் மேடம் இவரைத் தனியாகக் கூப்பிட்டே சொல்லியிருந்தார்கள். இவரும் பெரிய மனுஷர் மாதிரித் தலையாட்டினார்.

போன வாரம் நாங்கள் ஏறின லிஃப்டில் கடைசி நேரத்தில் அந்த அளவு டாக்டரும் ஏறிவிட்டார். நான் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்தார். இவர் வணக்கம் சொன்னார். அத்தோடு நல்லபடியாகப் போயிருக்கும். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் லேசாகக் குலுங்கி நின்றது. கொஞ்சம் பொறுத்தால் தானே கிளம்பியிருக்கும் என்று பிறகு வந்து கதவைத் திறந்துவிட்ட ஆஸ்பத்திரி ஆள் சொன்னான். யார் பொறுத்தார்கள்? சட்டைப் பையிலிருந்து ஸ்குரூ டிரைவர் வெளியே வந்துவிட்டது. பட்டன் பலகையைக் கழற்றி உள்ளே எதையோ தொட்டார், விளக்கும் போய்விட்டது.

டாக்டர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு இரண்டு காதிலும் விரலை வைத்துக்கொண்டார். நாங்கள் ஏதாவது பேசிவிடுவோமோ என்று அவருக்குப் பயம், விதியை மதிக்கிற மனுஷர். இவரோ, பாவம் டாக்டர் இருட்டுக்குப் பயப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். "பயப்படாதீங்க சார், ரோப் அறாது, நான் கேரண்டி" என்று முதுகில் தட்டிக்கொடுக்கிறார். டாக்டர் காதில் விழாமல் இருப்பதற்காகப் பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார். "பாத்தியா, மனுஷன் உளற ஆரம்பிச்சிட்டாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டு இவர் இன்னும் உரக்க ஆறுதல் சொன்னார். நான் கோலால் இவர் காலைக் குத்தினேன். இருட்டில் அது டாக்டர் கால்.

எட்டுப் பதினேழு என்று வரும்போது டாக்டருக்கு விடை வரவில்லை. பேச்சு நின்றது. சரியாக அந்த இடைவெளியில் உங்கள் மாப்பிள்ளை தொண்டையைத் திறந்து, "இதுக்கே இப்படிப் பயந்தா எப்படி சார்? என் பொண்டாட்டிக்கு அந்த டிரிப்ஸ் ஏத்தறப்ப முகமெல்லாம் சிவந்து, தொண்டையெல்லாம் அரிச்சு, நர்ஸ் ஓடி வந்து நிறுத்தி நிறுத்தி ஏத்தினாங்க. அவளே பயப்படலையே!" என்று முடித்தார். டாக்டர் மெதுவாக விரலைக் காதிலிருந்து எடுத்து, "கேட்டுட்டேம்மா" என்றார். ஏதோ துக்கம் சொல்கிற குரல். வெறும் தண்ணீருக்கு முகம் சிவக்குமா, அண்ணா? எனக்கு எது போகிறது என்று அவர் இனிமேல் ஊகிக்காமல் இருக்க முடியாதே.

மறுநாள் தலைமை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். ஆய்விலிருந்து எடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஏன் அவ்வளவு பதைப்பு என்று யோசித்துப் பார்த்தேன். மருந்துக்காக மட்டும் இல்லை. கண்ணாடிக் கடையில் எல்லோருக்கும் கண் பரிசோதித்துக்கொண்டிருந்தவள் நான். இந்த வியாதி தொடங்கின அன்று காலையில், கடைச் சுவரில் நான் மாட்டின எழுத்துப் பலகையே என் வலது கண்ணுக்கு நனைந்த காகிதம் மாதிரித் தெரிந்தது. சிவப்பு ஃபிரேம் துவைத்து வெளுத்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். நான் நடந்து வந்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் என் கால் இழுத்தால், "நல்லது, இதையும் எழுதிக்கறேன்" என்கிறார்கள். அங்கே நான் பாவம் இல்லை. நான் தடுமாறுவதுகூட இன்னொருத்திக்கு ஒருநாள் உபயோகப்படும். அதையும் இவர் வாயால் இழந்துவிடுவேனோ என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

எடுக்கவில்லை, அண்ணா. நடந்ததை நடந்தபடி பதிந்துகொண்டார்கள். இனி எனக்கு அளவெடுக்க வேறொரு டாக்டர் வருவார். அவர் படிக்கட்டில்தான் வருவாராம், அப்படி ஏற்பாடு. எனக்கு உயிர் வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்தும் இவர் சட்டையைக்கூட மாற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். திட்டலாம் என்று வாயெடுத்தவள் அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன். "உனக்கு நல்ல மருந்துதான் போகுதுன்னு யாராவது ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்டி. நான் வாயத் திறக்கவே மாட்டேன்" என்றார். "தெரியாம இருக்கறதுதாங்க இப்ப என் வேலை. அந்த வேலையையாவது என்னை ஒழுங்காச் செய்ய விடுங்க" என்றேன். சரி சரி என்றார். அப்புறம் மெதுவாக, "முகம் சிவந்தது நல்ல அறிகுறிதானே?" என்றார்.

பார்த்தீர்களா? ஆகவே உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், அடுத்த ஸ்கேனும் அளவும் முடிகிற வரைக்கும் உங்கள் மாப்பிள்ளையை அங்கே வரவழைத்து வைத்துக்கொள்ளுங்கள். சும்மா கூப்பிட்டால் வர மாட்டார். உங்கள் கட்டடத்து லிஃப்ட் ஒரு மாதிரி முனகுகிறது, வந்த ஆளெல்லாம் கைவிரித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், அடுத்த வண்டியிலேயே வந்து நிற்பார். லிஃப்ட் நன்றாக ஓடினாலும் பரவாயில்லை, அவர் வந்த பிறகு தானே முனகும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். எதிர்வீட்டம்மா இருக்கிறார்கள், ஊன்றுகோல் இருக்கிறது, நான் சமாளித்துக்கொள்வேன். சொல்லப்போனால் வீடு கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருக்கும்.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், படிக்கிற பெரியவளுக்குக் கூடுதலாக ஒரு பங்கு. உங்கள் ஆசீர்வாதத்தை என்றும் வேண்டும்,
உங்கள் அன்புத் தங்கை.

பின்குறிப்பு: இவரை அங்கே அழைக்க வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் உஷ் மேடத்திடமிருந்து போன் வந்தது. எனக்கில்லை, இவருக்கு! நோயாளிகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தனியாக ஓர் ஆய்வு தொடங்குகிறார்களாம், அதில் இவரைச் சேர்த்துக்கொண்டார்கள். இன்று போய் வந்தோம். நான் வெளியே, இவர் உள்ளே, கதவு சாத்தியிருந்தது. "வீட்டில உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கறது எது?" என்று கேட்டது வரைக்கும் எனக்குக் காதில் விழுந்தது. அப்புறம் விழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இவர் குரலைத் தாழ்த்திப் பேசி நான் கேட்டதே இல்லை, அண்ணா, இன்றுதான் முதல் தடவை. வெளியே வந்ததும் "என்ன சொன்னீங்க?" என்றேன். "அதெல்லாம் வெளிய சொல்லக்கூடாது, ஆய்வு கெட்டுடும்" என்கிறார், லிஃப்டில் ஊருக்கே சொன்ன மனுஷர்! கோபித்துப் பார்த்தேன், காபி போட்டுக் கொடுத்துப் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. நீங்கள் ஒருதரம் போன் செய்து, ஆண்பிள்ளைகள் பேசிக்கொள்கிற மாதிரி நைசாகக் கேட்டுப் பாருங்கள். சொன்னால் உடனே எனக்குத் தெரிவிக்கவும். உஷ் மேடத்துக்குத் தெரிய வேண்டாம்.